வைஃபை 7 பெட்டியா, ஐம்பது அடி கேபிளா? கொங்கு வீடுகளுக்கான ரவுட்டர் அலசல்

போர்வெல்லில் வருவது ஒரு இஞ்சுத் தண்ணீர் என்றால், நாலு இஞ்சு பைப் போட்டாலும் வாய்க்காலில் ஓடுவது அதே ஒரு இஞ்சுதான். வீட்டு நெட்டும் அப்படித்தான். 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கும் வீட்டில் 3600 என்று அச்சடித்த ரவுட்டரை வைத்தால், பழைய 100தான் வரும். அந்த 100 கூட ஹாலைத் தாண்டி பின்கட்டு அறைக்குப் போவதற்குள் 15 ஆகிவிடுகிறது. எனவே எந்த ரவுட்டர் வேகமானது என்று கேட்கும் முன், தண்ணீர் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பெட்டி மேல் இருக்கும் எண் ஒரு கூட்டல் கணக்கு. வைஃபை 6 வகையான ஏஎக்ஸ்1500 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 1201. ஏஎக்ஸ்3000 என்றால் 574, 2402. வைஃபை 7 வகையான பிஇ3600 என்றால் 688, 2882. இரண்டையும் கூட்டி, பக்கத்திலுள்ள முழு நூறாக்கிவிட்டால் விளம்பர எண் வந்துவிடும். வைஃபை 7 போன்களில் சில தவிர, மற்ற போன்கள் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில் மட்டுமே பேசும். 2402, 2882 எல்லாம் 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலுக்கான (அலை ஓடும் பாதை) கணக்கு. நடுத்தர விலைப் போன்கள் பெரும்பாலும் 80 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால், எந்தப் பெட்டி வாங்கினாலும் அவற்றுக்குக் கிடைக்கும் இணைப்பு அதிகபட்சம் 1201. அதிலும் கையில் கிடைப்பது ஏறக்குறைய 700. அதுவும் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்தால்தான்.

முதலில் நாலு சோதனை

லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ஓஎன்டியில் (சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டி) செருகி வேகம் பாருங்கள். 200, 300 பிளானில் அச்சடித்த மாதிரி 94, 95 என்று வந்தால் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் அல்லது பழுதான கேபிள் இருக்கிறது. கிகாபிட் வேகத்துக்கு கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். கிரிம்பிங்கில் ஒன்று விட்டுப்போனால் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். ஏசி1200 என்று பெயர் போட்ட சில மலிவு ரவுட்டர்களில் போர்ட்டுகளே 100தான். இந்த ஒரு கோளாறு தெரியாமல் புது ரவுட்டர் வாங்கியவர்கள் ஏராளம்.

அடுத்து, ரவுட்டர் பக்கத்தில் நின்று 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு சோதனை. பிறகு படுக்கையறையில் ஒன்று. பக்கத்தில் 95, அறையில் 12 என்றால் சுவர்தான் எதிரி. நாலாவது சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை: ஒரு போனில் பெரிய வீடியோவை அப்லோடு போட்டுக்கொண்டே லேப்டாப்பில் பிங் (தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) பாருங்கள். சும்மா இருக்கும்போது 15 மில்லிநொடி, அப்லோடின்போது 300 என்றால், கேம் திணறுவதற்கும் மீட்டிங்கில் குரல் உடைவதற்கும் காரணம் வரிசை நெரிசல்.

போர்ட்டும் லேன் கேபிளும் சரியாக இருந்தும், முதல் சோதனையில் கேபிளிலேயே வேகம் குறைந்தால் பிரச்சினை லைனில். ஜிபான் என்ற ஃபைபர் முறையில் ஒரு இழையில் இறங்கும் சுமார் 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் பங்கு போடுகின்றன. ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ரிசீவ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) என்ற எண் இருக்கும். மைனஸ் 15 முதல் 25 டிபிஎம் வரை நிம்மதி. மைனஸ் 27ஐத் தொட்டால் லைன் விட்டு விட்டு வரும். ஈபி கம்பத்தில் அணில் கடித்த வயர், ஜன்னல் சட்டத்தில் நசுங்கிய வயர், சுவர் மூலையில் செங்கோணமாய் மடிந்த வயர் ஆகியவையே வழக்கமான காரணங்கள். "ஏனுங்க, பவர் எத்தனை காட்டுது?" என்று லைன்மேனிடம் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "நல்லா இருக்குதுங்க" என்ற பதில் எண் ஆகாது.

வைஃபை 7 எதிர் வைஃபை 6

வைஃபை 7க்கான சான்றிதழ் 2024 ஜனவரியில் தொடங்கியது. 46 ஜிபிபிஎஸ் என்று சொல்லப்படும் உச்சம் காகிதக் கணக்கு. அதற்கு 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் வேண்டும், அது 6 கிகாஹெர்ட்ஸில்தான் உண்டு. இந்தியாவில் 2025 மே மாத வரைவு விதி உரிமமின்றித் திறக்க முன்வந்தது 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அந்த 500க்குள் 320 அகலச் சேனல் ஒன்றே ஒன்று அடங்கும். அதோடு, விலை குறைந்த வைஃபை 7 பெட்டிகள் பலவற்றில் 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவே கிடையாது. பெட்டியின் பின்பக்கத்தில் அந்த எண் இல்லையென்றால், வாங்குவது சற்று மெருகேறிய வைஃபை 6 என்று எண்ணிக்கொள்ளலாம்.

5 கிகாஹெர்ட்ஸில் 160 அகலம் போட்டால் இன்னொரு சிக்கல் வரும். அந்த அகலச் சேனலில் ஒரு பகுதி ரேடார்களோடு பகிர்ந்துகொள்வது. ரேடார் அலை தட்டுப்பட்டால் ரவுட்டர் சேனலைக் காலி செய்துவிட்டு, புதுச் சேனலை ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்ட பிறகே திரும்பப் பேசும். பீளமேடு விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் பக்கம் குடியிருப்போர், 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் திடீரென மறைந்து ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தால் ரவுட்டரை மாற்ற ஓட வேண்டாம். அகலத்தை 80 ஆக்கி, சேனலை 36 அல்லது 149 என்று கையால் நிறுத்திப் பாருங்கள்.

அப்படியானால் வைஃபை 7 யாருக்கு? ஒரு ஜிபிபிஎஸ் பிளான் வைத்து, வைஃபை 7 லேப்டாப்பும் வைத்திருப்பவருக்கு. வீட்டிலேயே சர்வர் வைத்து எடிட்டிங் செய்பவருக்கும் பயன்படும். அப்போதும் 2.5 ஜிபிபிஎஸ் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். கிகாபிட் போர்ட் மட்டும் இருந்தால் லைனிலிருந்து 940க்கு மேல் உள்ளே நுழையாது. 300க்குக் கீழ் பிளான் உள்ள வீட்டுக்கு ஏஎக்ஸ்1500 தாராளம். சரவணம்பட்டி, காளப்பட்டி அடுக்ககங்களைப் போல இருபது வைஃபை பெயர்கள் தெரியும் இடத்தில் ஏஎக்ஸ்3000 வாங்கலாம். அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அதனால் டிவி, லேப்டாப் எல்லாவற்றையும் 5க்கு ஏற்றிவிட்டு, கேமராவையும் ஸ்மார்ட் பிளக்கையும் மட்டும் 2.4இல் விடுங்கள்.

மெஷ் எதிர் கேபிள்

காங்கயம், தாராபுரம் பக்கம் உள்ள பழைய கருங்கல் சுவர், தொட்டிக்கட்டு வீடு, ஒன்பது இஞ்சு செங்கல், நடுவே ஆர்சிசி தளம்: 5 கிகாஹெர்ட்ஸுக்கு இவை எல்லாம் சுலபத்தில் தாண்ட முடியாதவை. அதிலும் கேபிள்காரர் பெட்டியை டிவிக்குப் பின்னால், வீட்டின் ஒரு மூலையில் மாட்டிவிட்டுப் போயிருப்பார்.

இரட்டை அலைவரிசை மெஷ் (வயர் இல்லாமல் சிக்னலைக் கைமாற்றிப் பரப்பும் பெட்டிகள்) அழகானது, சுவரைத் துளைக்க வேண்டாம். ஆனால் ஒரே ரேடியோ வாங்கவும் கொடுக்கவும் செய்வதால் இரண்டாவது பெட்டியில் வேகம் பாதியாகும். நிறையப் பேர் செய்யும் தவறு, சிக்னல் வராத அறையிலேயே அதை வைப்பது. அங்கே அதற்கே சிக்னல் இல்லை, எதைப் பரப்பும்? பாதி வழியில் வையுங்கள்.

எங்கள் ஓட்டு கேபிளுக்கு. ஐம்பது அடி கேட்6 லேன் கேபிள், சுத்தச் செம்பு. அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவுக் கேபிள் கடையில் கலந்தே கிடக்கும். முனையைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். மறுமுனையில் பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். ஆக்சஸ் பாயின்ட் மோடு (வைஃபை பரப்பும் வேலை மட்டும்) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அதன் முகவரியை 192.168.1.2 போல, முதல் ரவுட்டரின் வரிசையிலேயே வேறு எண்ணாக மாற்றி, டிஹெச்சிபியை (போன்களுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை வெளி லைனுக்கான வான் போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாகட்டும். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டியும் முகவரி கொடுக்க ஆரம்பித்து, சில போன்களுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது. காரணம் தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தலையைச் சொறிய வைக்கும் கோளாறு இது.

திணறல்

பிங் விஷயத்தில் ரவுட்டர் கடைகள் சொல்வதைப் பாதி தள்ளிவிடலாம். ஒளி கண்ணாடி இழையில் நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கோவையிலிருந்து 500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்குப் போய்வர 5 மில்லிநொடி. இடையில் இருக்கும் சுவிட்சுகளோடு அது 10, 20 ஆகலாம். எந்த கேமிங் ரவுட்டரும் இதைக் குறைக்காது. குறைக்க முடிவது, அப்லோடு நிரம்பும்போது சேரும் அந்த 300ஐத்தான். ரவுட்டர் செட்டிங்ஸில் கியூஓஎஸ் பகுதியில் எஸ்கியூஎம் அல்லது கேக் (வரிசை நெரிசலைக் குறைக்கும் வசதிகள்) இருந்தால், அப்லோடு, டவுன்லோடு வரம்பை சோதனையில் வந்த வேகத்தில் 90 சதவீதமாகப் போடுங்கள். கொஞ்சம் வேகம் போகும், குரல் உடையாது. திருப்பூரில் வீட்டிலிருந்தே ஆடை வாங்கும் பையருக்கு டிசைன் ஃபைல் அனுப்பிக்கொண்டு வீடியோ காலும் பேசுபவருக்கு வைஃபை 7ஐவிட இது பெரிய வரம். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்ற முடிந்த ரவுட்டரா என்று வாங்கும் முன்பே பார்ப்பது இதற்காகத்தான்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் மினி யூபிஎஸ் கைகொடுக்கும். சிறிய ரவுட்டர்களுக்கு 12 வோல்ட் 1 ஆம்பியர் போதும்; வைஃபை 7 பெட்டிகள் சிலவற்றுக்கு 2 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதற்கு 2 ஆம்பியர் யூபிஎஸ் மாட்டினால் சுமை ஏறும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகும். ஓஎன்டிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஜிபான் லைனில் வழியில் இழையைப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. கம்பத்தில் சுவிட்ச் மாட்டிய பழைய கேபிள் லைன் என்றால், உங்கள் வீட்டில் யூபிஎஸ் இருந்தும் தெருவே இருண்டுதான் கிடக்கும்.

தோட்டத்துச் சாளைக்கு

வீட்டிலிருந்து மோட்டார் ரூம் 200 மீட்டர், நடுவே தென்னந்தோப்பு. எந்த ரவுட்டரும் எட்டாது. ஈரம் நிறைந்த மட்டை 5 கிகாஹெர்ட்ஸைக் குடித்துவிடும். நேர்ப்பார்வை இருந்தால் மாடியில் ஒன்று, அங்கே ஒன்று என வயரில்லாமல் நேருக்கு நேர் இணைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் பிரிட்ஜ் ஜோடி போடலாம். தோப்பு மறைத்தால் ஒற்றை இழை ஃபைபர்தான். லேன் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், கட்டிடத்துக்குக் கட்டிடம் இழுத்த செம்புக் கம்பி கோடை மழை இடியை இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கேமரா, ரவுட்டர், சுவிட்ச் எல்லாம் ஒரே நாளில் போகும். கண்ணாடி இழை அதைக் கடத்தாது. உள்ளே எஃகுக் கம்பி இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்கி, பிவிசி பைப்புக்குள் விட்டு, எலி கடிக்காதபடி வாயை அடைத்துப் புதையுங்கள். இரு முனைக்கும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் பெட்டி) வாங்கும்போது ஒன்று ஏ, மற்றது பி என்று ஜோடியாகக் கேளுங்கள். இரண்டும் ஏ ஆக வந்துவிட்டால் இரண்டும் ஒரே நிறத்தில் அனுப்பும், எதுவும் கேட்காது, லிங்க் விளக்கு எரியவே எரியாது.