டாக்டருக்கு எது: வெள்ளைக் கோட்டா, பச்சை உடுப்பா, அரைக்கைச் சட்டையா?

மஞ்சக்குப்பத்தில் அம்மா 30 வருஷமாகக் காட்டிவரும் டாக்டரைக் கோட்டோடு நான் பார்த்ததே இல்லை. அரைக்கைச் சட்டை, பையில் ரெண்டு பேனா, கழுத்தில் ஸ்டெத். அவர் "உப்பைக் குறைங்கம்மா" என்றால் அன்றைக்கே ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய்விடும்.

அதே அம்மாவைப் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். ஆபரேஷன் தியேட்டரில் போடும் பச்சை உடுப்பான ஸ்க்ரப்ஸில் வந்த இளம்பெண் நிதானமாக விசாரித்தார், வீங்கிய காலை விரலால் அழுத்திப் பார்த்தார், எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் அம்மா, "பெரிய டாக்டர் எப்ப வருவாரு சிஸ்டர்?" என்றார்.

"நான்தாம்மா டாக்டர்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்கு எத்தனையாவது தடவையோ!

முன்பின் தெரியாதவரிடம் போகும்போது வெள்ளைக் கோட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் 4,000 பேருக்கு மேல் டாக்டர் படங்களைக் காட்டிக் கேட்ட ஆய்வு 2018-இல் வெளிவந்தது. உடை முக்கியம் என்றவர்கள் பாதிக்குச் சற்று மேல், 53 சதவீதம். நேர்த்தியான உடைக்கு மேல் கோட்டுப் போட்டவருக்கே மொத்தத்தில் அதிக மதிப்பெண். படத்துக்கு மார்க் போடுவது வேறு, எழுதிக்கொடுத்த மாத்திரையை மூன்று வேளையும் போடுவது வேறு என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

கோட்டின் தொல்லை அதன் முழுக்கைதான். நோயாளி, கட்டில், கோப்பு என்று எல்லாவற்றிலும் உரசிவிட்டு அதே கைமுனை அடுத்தவரிடம் போகிறது. அதில் கிருமிகள் ஒட்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோய் அதன் வழியாகத்தான் தொற்றியது என்று நிரூபிப்பதுதான் கஷ்டம். இங்கிலாந்தில் 2007-லேயே முழங்கைக்குக் கீழே துணி, வாட்ச் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தியாவிலும் கோட்டு வேண்டாம் என்று மங்களூரு மருத்துவர் ஒருவர் 2015-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் எழுதினார். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது வேறு ஒரு போர்வை.

ஸ்க்ரப்ஸ் அரைக்கை, துவைப்பதும் சுலபம். ரத்தச் சிவப்பையே பார்த்துக் களைத்த கண்ணுக்குப் பச்சை இதம் என்றுதான் ஆபரேஷன் தியேட்டருக்குள் அந்த நிறம் வந்தது. அவசர சிகிச்சையில் யாரும் அதைக் குறை சொல்வதில்லை. வார்டில்தான் சிக்கல்: நர்ஸ், டெக்னீஷியன், டாக்டர் மூவரும் ஒரே மாதிரி தெரிந்தால், பெண்ணாக இருப்பவர் 'சிஸ்டர்' ஆகிவிடுகிறார். ஆண் டெக்னீஷியனுக்கு 'சார்' என்ற மரியாதை சும்மாவே கிடைத்துவிடுகிறது.

அரைக்கைச் சட்டைக்கென்று தனி மவுசு கிடையாது. மஞ்சக்குப்பத்தில் அது செல்லுபடியாவது அந்த 30 வருஷத்தால். நேற்று போர்டு மாட்டிய டாக்டர் அதே சட்டையில் உட்கார்ந்தால், மருந்துக்கடைப் பையன் என்றுதான் நினைப்பார்கள்.

என் ஓட்டு அரைக்கைக் கோட்டுக்கு. நெஞ்சில் பெயரும் 'மருத்துவர்' என்ற சொல்லும் தமிழில், கண்ணாடி இல்லாமலே அம்மா படிக்கிற அளவுக்கு.

மறுமாதம் போனபோது அதே இளம்பெண் வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு, "போன தடவ ஒரு சிஸ்டர் பாத்தாங்க டாக்டரம்மா, தங்கமான பொண்ணு. அவங்க இன்னைக்கு வரலையா?" என்றார்.