ஜி மென் (1935): துப்பாக்கி கைக்கு வந்த கதை

வங்கிக் கொள்ளையரை எஃப்பிஐ ஆட்கள் துரத்தும் பழைய ஹாலிவுட் படங்களை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், வார்னர் பிரதர்ஸின் 'ஜி மென்' (அதாவது அரசாங்க ஆட்கள்) என்று தயங்காமல் சொல்லலாம். இயக்கம் வில்லியம் கீலி. ஓடுவது 85 நிமிடம்தான். ஒரு காட்சிகூடத் தேவைக்கு மேல் நிற்பதில்லை.

1931-ல் 'தி பப்ளிக் எனிமி'யில் ரவுடியாக வந்து பெயர் வாங்கிய ஜேம்ஸ் கேக்னி, இதில் சட்டத்தின் பக்கம். 1934-ல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் இறுகி, கொள்ளையனை நாயகனாகக் காட்ட முடியாமல் போனதன் விளைவு இது. ஆனால் அதே துள்ளல் நடை, அதே வெடுக்கென்ற பேச்சு. அவருடைய பிரிக் டேவிஸ், ஒரு தாதா செலவழித்துப் படிக்கவைத்த வக்கீல். ஏஜெண்டாக இருந்த நண்பன் கொல்லப்பட்டதும் அரசின் நீதித் துறையில் தானும் ஏஜெண்டாகச் சேர்கிறான். தாதாக்களின் நடுவே வளர்ந்தவன் என்பது வெறும் பின்னணியாக நின்றுவிடவில்லை. லெகெட் என்ற கொள்ளையன் ராசிக்காக எப்போதும் சட்டையில் கார்டீனியா பூ குத்திக்கொள்வான். அதை வைத்தே, பயிற்சிகூட முடியாத டேவிஸ் ஆளை அடையாளம் சொல்லிவிடுகிறான். கைரேகைப் பிரிவு தேடிக்கொண்டிருப்பதை ஒரு பூ காட்டிக்கொடுக்கும் இந்த இடம் அருமை.

கதை முழுதாகத் தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம்.

படத்தின் இரண்டு பெரிய மோதல்களும் அப்போது நாளிதழ்களில் வந்த சம்பவங்களிலிருந்து எடுத்தவை. ரயில் நிலையப் படுகொலைக்கு மூலம், 1933 ஜூன் 17-ல் கான்சஸ் சிட்டி யூனியன் ஸ்டேஷனில் நடந்தது. ஃபிராங்க் நாஷ் என்ற கைதியை அழைத்துப் போனவர்களில் நான்கு பேர் இறந்தார்கள், நாஷும் இறந்தான். படத்தில் கைதி தப்பித்துவிடுகிறான். காட்டு விடுதி முற்றுகைக்கு மூலம், 1934 ஏப்ரல் 22-ல் விஸ்கான்சினின் லிட்டில் பொஹீமியா விடுதியில் நடந்த மோதல். அங்கே ஏஜெண்டுகள் காரில் கிளம்பிய அப்பாவிகளைச் சுட்டார்கள். ஒருவர் இறந்தார், இருவர் காயமடைந்தார்கள். அவர்கள் தேடிப்போன வங்கிக் கொள்ளையன் டில்லிஞ்சரின் கும்பல் பின்பக்கமாக ஓடிவிட்டது.

படம் இங்கே வரிசையை மாற்றுகிறது. முதலில் படுகொலை, உடனே ஏஜெண்டுகள் ஆயுதம் வைத்துக்கொள்ளச் சட்டம், பிறகு விடுதியில் வெற்றி. உண்மையில் வங்கிக் கொள்ளையை மத்தியக் குற்றமாக்கிய சட்டமும், ஏஜெண்டுகளுக்குத் துப்பாக்கியும் கைது அதிகாரமும் கொடுத்த சட்டமும் 1934 மே, ஜூன் மாதங்களில்தான் வந்தன. அதாவது, விடுதியில் சறுக்கிய பிறகு! அந்தத் தோல்வியைப் படம் வெற்றியாக்கிவிட்டது. ஆனாலும் முழுதாக மறைக்கவில்லை என்றே தோன்றுகிறது. கும்பல் கேடயமாகப் பிடித்த மெக்கேயை, தன்னைப் படிக்கவைத்த அதே மனிதரை, டேவிஸ் தெரியாமல் சுட்டுவிடுகிறான். அரசாங்கத் தோட்டா தவறான ஆள்மேல் பாய்ந்த உண்மை இந்த வழியாகத் திரும்பி வருகிறது. படத்தின் கனமான இடம் இதுதான்.

பலவீனம், காதல். காதலியாக வரும் மார்கரெட் லிண்ட்சே நல்ல நடிகை, ஆனால் அவருக்கு எழுதியது சொற்பம். பாடகி ஜீனாக வரும் ஆன் டுவோராக் குறைந்த நேரத்திலேயே அவரை மறக்கடித்துவிடுகிறார். கொள்ளையனின் மனைவியாகிவிட்டு டேவிஸ் மேலும் பாசம் வைத்திருக்கும் அந்த இழுபறி, கண்களிலேயே தெரியும். சார்ஜெண்ட் மாதிரி விரட்டும் பயிற்சியாளர் ராபர்ட் ஆர்ம்ஸ்ட்ராங்கும் கச்சிதம். சக ஏஜெண்டாக வரும் லாயிட் நோலனின் முதல் படங்களில் இதுவும் ஒன்று.

பார்க்கும்போது சில விஷயங்கள். டிவியில் படத்தின் அகல-உயர விகிதம் 4:3-ல் இருக்கட்டும்; அகலத் திரைக்கு இழுத்தால் முகங்கள் சப்பையாகி, ஒளிப்பதிவாளர் சோல் பொலிட்டோவின் நிழல் வேலை பாழாகும். 1949 மறுவெளியீட்டுப் பிரதியில் முன்னுரைக் காட்சி ஒன்று ஒட்டியிருக்கும்: அதிகாரி ஒருவர் புதிய ஏஜெண்டுகளுக்கு இந்தப் படத்தைத் திரையிடுவார். கதைக்கு அது தேவையில்லை, தாண்டிவிடலாம். கேக்னி பேசும் வேகத்துக்கு சப்டைட்டில் அவசியம். பேச்சுக்கு ஏற்ற மாதிரி ஒலியை வைத்தால் தாம்சன் இயந்திரத் துப்பாக்கிகள் வெடிக்கும்போது வீடே அதிரும். ரிமோட்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.