பதிவுகளுக்கு ஒரு சின்ன கிளாஸ்: செட்டரா, ரெக்கார்டா, டிக்ஷ்னரியா?

பதிவு எண், பெயர், மதிப்பெண் என மூன்றே புலங்கள் கொண்ட மாணவர் பதிவு வேண்டும். ஜாவாவில் பழைய வழி, புலங்களைப் பிரைவேட்டாக வைத்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பைப் படிக்கும் கெட்டரும் மாற்றும் செட்டரும் எழுதுவது. புதிய வழி, 2021இல் ஜாவா 16இல் உறுதியான அம்சமாக வந்த ரெக்கார்ட். ஒரே வரியில் புலங்களைச் சொல்லிவிட்டால் ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர், இரண்டு ஆப்ஜெக்ட் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ், தேடலுக்கு உதவும் எண்ணைத் தரும் ஹேஷ்கோட் எல்லாம் தானாகக் கிடைக்கும்.

வரிகள் குறைவதைத்தான் பலரும் புகழ்கிறார்கள். பழைய கிளாஸையும் ஐடிஇ (கோட் எழுத உதவும் மென்பொருள்) நொடியில் எழுதிக் கொடுத்துவிடும், அதனால் எனக்கு அது பெரிய லாபமாகத் தெரியவில்லை. உருவான பிறகு மதிப்பு மாறலாமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

செட்டர் உள்ள கிளாஸில், எல்லாப் புலங்களையும் சேர்த்து ஈக்வல்ஸும் ஹேஷ்கோடும் எழுதியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவரை ஹேஷ்கோடை வைத்துத் தேடும் தொகுப்பான ஹேஷ்செட்டில் போட்டு, அப்புறம் மதிப்பெண்ணை 78இலிருந்து 82 ஆக்குகிறோம். இப்போது அதே ஆப்ஜெக்டைக் கொடுத்து உள்ளே இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்று பதில் வரும். செட் அதைப் பழைய ஹேஷ்படி வைத்திருக்கிறது, தேடுவதோ புதிய ஹேஷ்படி. எர்ரரும் வராது, அதுதான் எரிச்சல். ரெக்கார்டில் புலத்தை மாற்றவே முடியாது. புது மதிப்பெண் என்றால் புது ரெக்கார்ட். ஆனால் உள்ளே ஒரு லிஸ்ட் இருந்தால் கதை வேறு. லிஸ்ட்டின் உள்ளடக்கம் மாறலாம், பழைய சிக்கல் திரும்பி வரும். கன்ஸ்ட்ரக்டரிலேயே மாற்ற முடியாத நகலாக எடுத்து வைப்பது நல்லது. மதிப்பெண் 0 முதல் 100க்குள் இருக்கிறதா என்ற சோதனைக்கும் அதுதான் இடம்.

சரி, செட்டர் கிளாஸுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ஜேபிஏ (ஜாவா ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸோடு இணைக்கும் முறை) வழியாக டேட்டாபேஸில் சேமிக்கும் கிளாஸான என்டிட்டிக்கு அளவுருக்கள் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் தேவை. ரெக்கார்ட் என்டிட்டி ஆக முடியாது. மதிப்பெண் மாறினாலும் மாணவர் அவரேதான் என்று கருதும் இடத்திலும் செட்டர் கிளாஸ்தான் பொருந்தும். ஆனால் அங்கே ஒப்பிடுவது பதிவு எண்ணை மட்டும் வைத்து இருக்கட்டும்.

பைத்தானில் 3.7 முதல், புலங்களைச் சொன்னாலே கன்ஸ்ட்ரக்டரும் ஒப்பிடலும் தரும் டேட்டாகிளாஸ் இருக்கிறது. இயல்பாக அது மாறக்கூடியது. ஆனால் செட்டில் போட்டாலே டைப்எர்ரர் கொடுத்துத் தடுத்துவிடும். ஜாவாவின் மௌனத்துக்கு இது எவ்வளவோ மேல். ஃப்ரோஸன் என்று அறிவித்தால் ரெக்கார்ட் போல நடந்துகொள்ளும், செட்டிலும் போடலாம். புலங்களுக்குப் பெயர் வைக்கும் நேம்டுடப்பிள் இன்னும் எளிது, ஆனால் அடிப்படையில் அது டப்பிள்தான், அதாவது மதிப்புகளின் வரிசைதான். மதிப்புகள் ஒன்றாக இருந்தால் ஒரு மாணவரும் ஒரு வகுப்பறையும் சமம் என்று சொல்லிவிடும்.

சாவியும் மதிப்பும் ஜோடியாக இருக்கும் டிக்ஷ்னரியை, ஜேசன் (நிரல்களுக்கிடையே தரவை அனுப்பும் எழுத்து வடிவம்) உள்ளே வரும் வாசலோடு நிறுத்திக்கொள்வேன். சாவியின் எழுத்துப் பிழையோடு மதிப்பெண்ணைத் திருத்தினால், சத்தமில்லாமல் புதிய சாவி ஒன்று முளைக்கும். சாதாரண டேட்டாகிளாஸிலும் இந்த ஓட்டை உண்டு, ஃப்ரோஸனோ, அறிவித்த புலங்களை மட்டும் அனுமதிக்கும், 3.10இல் வந்த ஸ்லாட்ஸ் தேர்வோ அதை அடைக்கும்.