பவானியில் இறங்கித் தூண்டில் போட எது துணை: வேடரா, ஷூவா, மூங்கில் தடியா?

ஃபிளை ஃபிஷிங் (இறகு, நூலால் செய்த பொய்ப்பூச்சியைத் தூண்டிலில் வீசி மீன் பிடிப்பது) பழகியவர்கள் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே பவானியிலோ, ஈரோட்டுப் பக்கம் காவிரியிலோ இறங்கிப் பார்க்க ஆசைப்படுவார்கள். டிரவுட் பிடிப்பவர்கள் வைத்திருக்கும் சாமான்கள் இங்கேயும் வேண்டுமா, நம்ம ஊர் வழியே போதுமா என்ற கேள்வி உடனே வரும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் வேடர் என்கிற, மார்பு வரை ஏறும் ரப்பர் உடை. டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். நீலகிரியிலேயே அவலாஞ்சி மாதிரி உயரத்தில்தான் அதற்குப் பிழைப்பு. அங்கே குஞ்சு பொரிப்பகம் தொடங்கியது 1907-ல். அந்தக் குளிரில் மணிக்கணக்கில் நிற்க வேடர் வேண்டும். நம் சமவெளி ஆற்றுக்கு வேண்டாம். விழுந்தால் உள்ளே தண்ணீர் புகும், அப்புறம் எழுவதும் கரையேறுவதும் பெரும்பாடு. போட்டே தீருவேன் என்பவர்கள் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டாமல் இறங்கவே கூடாது. மற்றவர்களுக்கு உடம்பை ஒட்டிய டிராக் பேன்ட் போதும். லுங்கி, வேட்டி வேண்டவே வேண்டாம். ஓட்டத்தில் காலைச் சுற்றிக்கொள்ளும்.

அடுத்தது காலுக்கு. ஆற்றிலேயே வளர்ந்தவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள், பாறையின் சரிவு பாதத்தில் தெரியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் இன்றைய ஆற்றில் பாட்டில் சில்லும் அறுந்த வலையும் கிடக்கின்றன. ஃபெல்ட் (அழுத்திய கம்பளி போன்ற துணி) அடி வைத்த ஷூ பாசிப் பாறையில் நன்றாகப் பிடிக்கும். காய நாளாவதால், ஓர் ஆற்றுப் பாசியையும் நுண்ணுயிரையும் இன்னோர் ஆற்றுக்குச் சுமந்து போகும். நியூசிலாந்தில் 2008-லேயே இதைத் தடை செய்துவிட்டார்கள். கயிறு கட்டி இறுக்கிய ரப்பர் அடி கேன்வாஸ் ஷூ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிடிப்பு கொஞ்சம் குறைவுதான், இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. ஹவாய் செருப்பு இதில் சேர்த்தியே இல்லை. முதல் இழுப்பிலேயே போய்விடும்.

ஆனால் ஷூவுக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியையாவது தடிக்குக் கொடுங்கள். கடையில் விற்கும் மடக்குத் தடி கையடக்கமானது. ஆனால் முழு எடையையும் சாய்க்கும்போது அதன் மூட்டு வழுக்கினால் ஆளும் சேர்ந்து விழுவார். நெஞ்சு உயரத்துக்கு வெட்டிய கெட்டி மூங்கில் அப்படி ஏமாற்றாது. தடியை ஓட்டம் வரும் பக்கமாக ஊன்றி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தடி நிலைத்த பிறகே ஒரு காலை நகர்த்த வேண்டும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்த்துங்கள், ஒரு காலுக்குக் குறுக்கே மறு காலைக் கொண்டுபோகாதீர்கள். கரையை நோக்கி நேராகப் போகாமல், ஓட்டத்தோடு சற்றுக் கீழ்முகமாகச் சாய்ந்து நடந்தால் பாதிச் சிரமம் குறையும். மணல் அள்ளிய குழியைக் காட்டிக்கொடுப்பதும் தடிதான். முழங்கால் ஆழத்தில் நிற்கும்போது முன்னால் குத்திய தடி பாதி உள்ளே போய்விட்டால், அடுத்த அடியில் ஆழம் கூடுகிறது, அதற்கப்பால் ஆளையே முழுங்கும் மடு இருக்கலாம். அங்கேயே திரும்பிவிடுங்கள்.

இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து கடப்பதும் நல்ல வழிதான், ஆனால் மீன் பிடிக்க ஆகாது. தூண்டில் வீசக் கை வேண்டுமே. துணைக்கு வந்தவர் கரையில் கயிற்றோடு நிற்பதே மேல்.

லைஃப் ஜாக்கெட்டா, நீச்சலா என்றால் இரண்டும். நீச்சல் தெரிந்தவர்களே அதிகம் துணிந்து இறங்குகிறார்கள், அதனால் அவர்களுக்கும் ஜாக்கெட் கட்டாயம்.

கடைசியாக ஆறு. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், காலில் மோதும் விசை நான்கு மடங்காகும். முழங்காலுக்கு மேல் வேகமான ஓட்டம் வந்தால் எந்தச் சாமானும் உதவாது. காவிரியில் கதவணைகளுக்கு இடையே தண்ணீர் பெரும்பாலும் தேங்கி நிற்பதால் இழுப்பு தெரியாது, ஆனால் ஆழம் தெரியாமல் போய்விடும். நடந்து பிடிக்கத் தோதில்லை, பரிசலே நல்லது. பவானியில் ஆழம் குறைவு, பாறை தெரியும், நடக்க ஆசையாக இருக்கும். ஆபத்தோ மேலே பில்லூர் அணையில் இருக்கிறது. மின்சாரம் எடுக்கவும் உபரியைத் திறக்கவும் தண்ணீர் விட்டால், இங்கே ஒரு தூறலும் இல்லாமல் ஆறு ஏறும். இறங்கும் முன் உள்ளூர்க்காரரிடம், “அண்ணா, மேல தண்ணி விட்டிருக்காங்களா?” என்று கேளுங்கள். “வேண்டாமுங்க” என்றால் கேள்வி வேண்டாம். கரையோரம் ஒரு கல்லைக் குறித்துக்கொண்டு அடிக்கடி பாருங்கள். கல் நனைந்தாலோ, சருகும் நுரையும் மிதந்து வந்தாலோ, தெளிந்த நீர் கலங்கினாலோ தூண்டிலைச் சுருட்டிக் கரையேறுங்கள்.

அப்படியும் இழுத்துவிட்டால் தடியையும் தூண்டிலையும் விட்டுவிடுங்கள். மல்லாந்து, கால் ஓட்டம் போகும் பக்கம் இருக்க, பாறையைக் காலால் தள்ளிக்கொண்டே கரைப் பக்கம் சாய்ந்து போக வேண்டும். ஓட்டத்தின் நடுவே எழுந்து நிற்கப் பார்த்தால் பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும். கை தரையைத் தொடும் ஆழத்துக்கு வந்த பிறகு எழுந்தால் போதும்.