டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டையை அடைத்துவிட்டு 'வாட்டர் புரூஃப்' என்று பில் போடுகிறார்கள், பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனம்

எங்கள் வீட்டில் தாத்தா வாங்கிய மோரிஸ் எயிட் இன்னும் ஓடுகிறது. 1930களின் வண்டி, 918 சிசி, 6 வோல்ட் பேட்டரி. மழைக்கு முன்னால் ட்யூனிங் செய்ய, பழைய கார்களை மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பில்லில் 'டிஸ்ட்ரிபியூட்டர் வாட்டர் புரூஃபிங்' என்று தனியாக 1,800 ரூபாய். ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் பாகம்தான் டிஸ்ட்ரிபியூட்டர். தண்ணீர் போகாது சார், கவலையே வேண்டாம் என்றார் மெக்கானிக், நானும் நம்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை, மிஸ்ஸிங், எஞ்சின் விட்டு விட்டு ஓடியது. அப்புறம் மேடு ஏறும்போது கார்புரேட்டர் வழியாகப் பட் பட்டென்று வெடிக்க ஆரம்பித்தது. பிளக் மாற்றினேன், கண்டென்சர் மாற்றினேன், ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் நானே டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை, அதாவது கேப்பைக் கழற்றினால், மிக்ஸி மோட்டாரில் பொறி பறக்கும்போது வருமே, அதே காட்டமான வாடை. பித்தளை முனைகளில் பச்சைப் பூப்பு, பாயிண்ட் ஸ்பிரிங்கில் துரு, கேப்புக்குள் ஒரு முனையிலிருந்து பக்கத்து முனைக்குப் பென்சிலால் கோடு போட்ட மாதிரி கறுப்புத் தடம். அடியில் இருந்த சின்னக் காற்று ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள். வாட்டர் புரூஃபிங் என்றது இதைத்தான்!

அந்த ஓட்டை தவறி விழுந்தது இல்லை. கேப்புக்குள் சுற்றும் ரோட்டார் கேப்பின் முனைகளைத் தொடாது, நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு, அதனால் பிளக்கில் பொறி விழும் ஒவ்வொரு முறையும் இங்கேயும் ஒரு பொறி தாவுகிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 பொறி. ஒவ்வொன்றும் காற்றைச் சுட்டு ஓசோனையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்கும், ஈரம் சேர்ந்தால் நைட்ரிக் அமிலமே ஆகிவிடும். அது வெளியேறத்தான் ஓட்டை. அடைத்துவிட்டால் மழைத் தண்ணீர் வராது, சரி, ஆனால் எஞ்சின் ஆறும்போது உள்ளே வேர்க்கிற ஈரம் எங்கே போகும்? அந்த ஈரமும் அமிலமும் படிந்த இடத்தில் மின்சாரம் வழி கண்டுபிடித்து வேறு சிலிண்டருக்குப் போகிறது, அதனால்தான் அந்த வெடிச் சத்தம்.

போய்க் கேட்டதற்கு, பழைய சாமான் சார் அப்படித்தான் இருக்கும் என்றார். இதைவிட வயிறெரிந்த விஷயம், கேப்பே எங்களுடையது இல்லை. தாத்தா காலத்து பேக்கலைட் கேப்பை எடுத்துக்கொண்டு, லேசான ஒரு புதுக் கேப்பை மாட்டி, பில்லில் அதைப் பற்றி ஒரு வரிகூடப் போடவில்லை. கேட்டால் உடைந்துவிட்டது, குப்பையில் போட்டாச்சு என்கிறார்.

வண்டியை விடும் முன் கேப், ரோட்டார், டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பக்கம் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்பே எழுதி வாங்குங்கள். சமீபத்தில் யாராவது 'சீல்' செய்து கொடுத்திருந்தால் இன்றைக்கே திறந்து பாருங்கள், ஓட்டையில் அடைப்பு இருந்தால் அதை மட்டும் பக்குவமாக எடுங்கள், புதிதாக டிரில் போட்டுவிடாதீர்கள். மழைக்குப் பயந்தால் கேப்பையும் பிளக் ஒயரையும் துடைத்துக் காய வைத்தாலே பெரும்பாலும் போதும்.

நல்ல நிலையில் மோரிஸ் எயிட்டின் பழைய கேப் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.