கனெக்ட்டா, மாகியாவா?

2011இல் வந்த மடோகா மாஜிகா என்ற அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடருக்கு இரண்டு முகப்பாட்டுகள். பகுதிகளின் தொடக்கத்தில் கிளாரிஸ் பாடிய 'கனெக்ட்', முடிவில் கலாஃபினா பாடிய 'மாகியா'. ஒரே தொடருக்குத்தான் இரண்டும் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

கிளாரிஸ் அப்போது பள்ளி மாணவிகள் இருவர். முகத்தையே காட்டாமல் பாடினார்கள். 'கனெக்ட்' துள்ளலான பாப் பாட்டு; இளஞ்சிவப்பு வண்ணக் காட்சிகளோடு கேட்டால் இது சின்னப் பெண்களின் மாயாஜாலக் கதை என்றே நினைப்போம். அங்கேதான் ஏமாற்று வேலை. பத்தாவது பகுதியில் இந்தப் பாட்டு கடைசியில் ஒலிக்கும். அதுவரை நாயகி மடோகா பாடுவதாக நினைத்த வரிகள் உண்மையில் யாருடைய மனசு என்று அப்போது புரியும். (யாரென்று சொல்லப்போவதில்லை.)

'மாகியா' அப்படி ஒளித்து வைப்பதில்லை. கஜியுரா யுகியின் இசை. கலாஃபினா குழுவின் வாகனா, கெய்கோ, ஹிகாரு மூவரின் குரல்கள் அடுக்கடுக்காக ஏறும், கீழே கனத்த கிதார். மூன்றாவது பகுதியின் அந்த அதிர்ச்சிக்குப் பின் இது வந்தபோது எழுந்திருக்கவே தோன்றவில்லை.

தனிப்பாட்டாக, தொடர் பார்க்காமல் கேட்பதென்றால் 'மாகியா'தான். கதை தெரியாமலேயே அதன் இருட்டு பிடிபடும். 'கனெக்ட்' கதை தெரிந்தவர்களுக்கே முழுசாகத் திறக்கும். ஆனால் தொடரை முடித்துவிட்டு இரண்டையும் கேட்டால், எனக்குத் தொண்டை அடைப்பது அந்தத் துள்ளல் பாட்டுக்குத்தான்.