பிள்ளைக்கு வீட்டில் கணக்கு: ரைட்ஸ்டார்ட் வாங்கலாமா?

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே கணக்கு சொல்லிக்கொடுக்க எந்தப் பாடத்திட்டம் வாங்கலாம் என்று தேடுகிறீர்களா? தினமும் கொஞ்ச நேரம், வேறு வேலை எதுவும் பார்க்காமல், பிள்ளையோடு கூடவே உட்கார முடியுமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். முடியும் என்றால் யோசிக்காமல் ரைட்ஸ்டார்ட் மேத்தமெட்டிக்ஸ் வாங்குங்கள். முடியாது என்றால் இது எவ்வளவு நல்ல திட்டமாக இருந்தாலும் உங்களுக்கு ஒத்துவராது.

நாங்கள் இருப்பது டெக்சஸில். இங்கே வீட்டில் படிக்கிற பிள்ளை தனியார் பள்ளியில் படிப்பதாகவே கணக்கு. 1994-இல் மாநில உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்துவிட்டது. கணிதம் கட்டாயப் பாடம், ஆனால் எந்தப் புத்தகம் என்று யாரும் வந்து கேட்க மாட்டார்கள். தேர்ந்தெடுக்கிற பொறுப்பு முழுக்க நம்முடையது.

ரைட்ஸ்டார்ட்டை உருவாக்கியவர் ஜோன் காட்டர், பொறியியல் படித்து, அப்புறம் மாண்டிசோரி ஆசிரியையாக இருந்தவர். பாடம் முழுக்க அவர் வடிவமைத்த ஏ.எல். அபாகஸ் என்கிற மணிச்சட்டத்தைச் சுற்றியே நடக்கிறது. நம் ஊர் அபாகஸ் வகுப்புகளில் பார்க்கிற மணிச்சட்டம் இல்லை இது, வேகமாகக் கணக்குப் போட வைப்பதும் இதன் நோக்கம் இல்லை. பத்துக் கம்பி, கம்பிக்குப் பத்து மணி, அதில் ஐந்து ஒரு நிறம், மீதி ஐந்து இன்னொரு நிறம், அவ்வளவுதான். ஏழு மணியைத் தள்ளினால் ஐந்தும் இரண்டும் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும், ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. எண்ணி எண்ணிக் கூட்டுகிற பழக்கம் வராமலே பார்த்துக்கொள்கிற இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இதைப் பரிந்துரைப்பேன்.

8-ஐயும் 6-ஐயும் கூட்டுவதைப் பாருங்கள். மேல் கம்பியில் எட்டு, அடுத்ததில் ஆறு. இரண்டிலும் முழுசாக ஒரு ஐந்து இருக்கிறது, இரண்டு ஐந்தும் சேர்ந்து பத்து, மிச்சம் மூன்றும் ஒன்றும் நான்கு, ஆக பதினான்கு. சட்டத்தை எடுத்து உள்ளே வைத்த பிறகும் என் மகள் கண்ணை மூடிக்கொண்டு “ரெண்டு அஞ்சு பத்து, அப்புறம் நாலு” என்று சொல்லி விடையைச் சொல்கிறாள், ஒரு விரல்கூட மடங்குவதில்லை.

இதில் 11-ஐ ‘டென் ஒன்’, 23-ஐ ‘டூ டென் த்ரீ’ என்று முதலில் சொல்லிப் பழக்குகிறார்கள். தமிழில் எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு அது பெரும்பாலும் தெரிந்த வழிதான், அந்தப் பகுதியைத் தமிழிலேயே நடத்துங்கள். மனப்பாட அட்டைகளுக்குப் பதில் சீட்டு விளையாட்டுகள் வருகின்றன. கையில் 7 இருந்தால் எதிராளியிடம் 3 இருக்கிறதா என்று கேட்டுப் பத்து சேர்க்கிற ஆட்டம் எங்கள் வீட்டில் தினமும் நடக்கிறது, ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியும் சேர்ந்துகொண்டார். நாம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதைப் பாடப் புத்தகமே எழுதிக் கொடுத்துவிடுவதால், கணக்கு என்றாலே பயப்படுகிற பெற்றோரும் தைரியமாக நடத்தலாம்.

குறை என்றால், செலவு. சட்டம், சீட்டுக்கட்டு, இடமதிப்பு அட்டைகள் என்று பொருள்கள் நிறைய, பாடப் புத்தகம் தனி விலை. ஆனால் அதே பொருள்கள் அடுத்தடுத்த நிலைகளுக்கும் ஆகும், தம்பி தங்கைக்கும் ஆகும். எழுதுகிற பயிற்சித் தாள்கள் குறைவு, அதனால் பிள்ளையைத் தனியே உட்கார வைத்துவிட்டு நாம் சமைக்கப் போக முடியாது. உங்களுக்கு அதுதான் தேவை, பிள்ளைக்கும் எழுதப் பிடிக்கும் என்றால் சிங்கப்பூர் முறையில் வந்த ப்ரைமரி மேத்தமெட்டிக்ஸைப் பாருங்கள். பொருளில் தொடங்கி, படத்துக்குப் போய், பிறகுதான் எண்ணுக்கு வருகிற ஒழுங்கு அதில் அருமை. காசு செலவழிக்கவே முடியாத நிலை என்றால் இந்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்றாம் வகுப்பு ஜாய்ஃபுல் மேத்தமெட்டிக்ஸ் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, கூட ஒரு பை நிறையப் புளியங்கொட்டை இருந்தால் போதும், ஆரம்பித்துவிடலாம்.

ரைட்ஸ்டார்ட்தான் என்று முடிவு செய்தால் வயதை வைத்து நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அவர்கள் தளத்தில் இருக்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்த்து எடுங்கள். பழைய புத்தகம் வாங்குவதாக இருந்தால் இரண்டாம் பதிப்புதானா என்று அட்டையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், முதல் பதிப்பும் இதுவும் ஒன்றல்ல.